இரண்டு டப்பா, பூஜ்யம் தப்பு

போன வாரம் நான் முப்பத்தெட்டு பக்கம் ப்ரூஃப் பார்த்தேன். கண்டுபிடித்த தப்பு எத்தனை தெரியுமா? பூஜ்யம்!

கைதட்ட வேண்டாம். எங்கள் மேனேஜர் ஏற்கெனவே தட்டிவிட்டார். பிரச்னையே அதுதான்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வேலை பார்ப்பது, வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைகளுக்கு டைப்செட்டிங் செய்துகொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், மாடியில். ப்ரூஃப் பிரிவில் நாலு மேஜை, எட்டுப் பேர். ஜன்னலைத் திறந்தால் மீன் வாடை, மூடினால் புழுக்கம்.

மேஜைக்கு ஏன் இரண்டு பேர்? ஒருத்தர் கையில் டாக்டர்கள் அனுப்பிய ஒரிஜினல் பேப்பர் இருக்கும். அதை அவர் உரக்க வாசிப்பார். இன்னொருத்தர், நம் ஆட்கள் டைப் அடித்த ஃபைலை ஸ்கிரீனில் வைத்துக்கொண்டு சரிபார்த்தபடியே வருவார். காது கேட்பதும் கண் பார்ப்பதும் எங்கே முட்டுகிறதோ, அங்கே தப்பு.

எனக்கு வாசிப்பவள் விஜயா. அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். அக்கா என்று கூப்பிட்டால் ஸ்கேலால் அடிப்பாள். வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து அவள் அப்பாவுக்கு வேலை கிடையாது. வீட்டில் வேலைக்குப் போவது இவள் ஒருத்திதான்.

அவள் வாசிப்பதை நீங்கள் கேட்க வேண்டுமே! "கேப்பிட்டல் டி, தி பேஷண்ட், கமா, ஏஜ்டு ஃபார்ட்டி டூ, கமா..." ஒரே ராகம், ஒரே தாளம். பிரெஞ்சுக் கட்டுரை வந்தால், எழுத்துக்கு மேலும் கீழும் வரும் குறிகளால் இன்னும் விசேஷம். "ஈ மேல வலதுகோடு... ஏ மேல தொப்பி... சி-க்கு வாலு!" அவளுக்கு பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாது. எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்தேன், கொஞ்சம் அலட்டிக்கொள்ளவும் செய்வேன். ஆனால் நான் தாண்டிப்போகும் தப்பெல்லாம் அவள் வாயில்தான் மாட்டும். தெரிந்தவர்கள் தாளில் இருப்பதையா படிக்கிறோம்? இருக்க வேண்டியதைப் படித்துவிட்டுப் போய்விடுகிறோம்!

சரி, இந்த நல்ல ஏற்பாட்டைக் கெடுத்தது யார்? அடியேன்தான்.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படம் பார்த்தேன். ஒருவர் முன்னால் இரண்டு மானிட்டர். விமானம் ஓட்டுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. மறுநாளே மேனேஜரிடம் ஓடினேன். "லெஃப்ட்ல ஸ்கேன் பண்ண ஒரிஜினல், ரைட்ல நம்ம ஃபைல். ஒரே ஆள் சார்!"

அந்த 'ஒரே ஆள்' என்பதை நான் ஸ்டைலுக்குச் சொன்னேன். அவர் அதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை குட்டி யானை வண்டியில் மானிட்டர்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் பதினேழு இன்ச் டப்பா, பின்புறம் ஒரு முழம். என் மேஜையில் இரண்டாவதை வைத்தால் ஒரு நாற்காலிக்குத்தான் இடம். மேனேஜர் மேஜையைப் பார்த்தார், விஜயாவின் நாற்காலியைப் பார்த்தார்.

"விஜயா, ஒரு வாரம் ஸ்கேனிங் ரூம்ல ஒக்காரும்மா. டிரயல்தான். நல்லா வந்துட்டா எல்லா மேஜைக்கும் போட்டுரலாம். அப்பறம்... பாப்போம்."

பாப்போம்! இந்த ஊரில் எந்த ஆபீஸில் வேலை பார்த்தவருக்கும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. வாசிக்கும் மற்ற மூன்று பேரும் சட்டென்று குனிந்துகொண்டார்கள்.

விஜயா டிபன் பையை எடுத்துக்கொண்டாள். "இன்னாடி, டிவி கடைல ஒக்காந்தா மாதிரி இருக்குதா?"

"ஒரு வாரந்தானே" என்றேன். உண்மையைச் சொல்கிறேன்... அப்போது எனக்கு உள்ளுக்குள் குஷியாகத்தான் இருந்தது.

அந்த வாரம் நான் கற்றது என்ன? இரண்டாவது ஸ்கிரீன் வேலைக்கு வருவதில்லை, விருந்துக்கு வருகிறது. செவ்வாய்க்கிழமைக்குள் அதில் மெயில் வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே சாட் வந்தது. மேனேஜரும் தனக்கு ஒன்று போட்டுக்கொண்டார். ஒன்றில் எக்ஸெல், மற்றதில் கிரிக்கெட் ஸ்கோர். கதவு திறந்தால் தலை தானாக எக்ஸெல் பக்கம் திரும்பும். கருவடிக்குப்பத்தில் என் கிளாஸ்மேட் ஒருவன் வீட்டிலேயே இரண்டு வைத்திருக்கிறான். "புரொடக்டிவிட்டி" என்றான். போய்ப் பார்த்தேன். ஒன்றில் அரட்டை, இன்னொன்றில் ஸ்கிரீன்சேவர் மீன்கள் நீந்துகின்றன. மீன் வேண்டுமென்றால் எங்கள் ஆபீஸ் ஜன்னல் போதாதா?

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. நான் முப்பத்தெட்டாம் பக்கத்தை முடித்தேன். தப்பு பூஜ்யம். மேனேஜர் என் பெயரை நோட்டீஸ் போர்டிலேயே எழுதிவிட்டார்.

"ரெண்டு பேர் பாக்கற வேலை! ஒரே ஆள், அரை நாள், ஜீரோ எரர்!" என்று கைதட்டினார். அதே மூச்சில் ஸ்கேனிங் அறைப் பக்கம் திரும்பி, "விஜயா, ஒண்ணாந்தேதிலேர்ந்து வர வேணாம்மா" என்றார். மின்சாரம் எத்தனை மணிக்குப் போகும் என்று சொல்கிற குரலில்!

ஃபைல் ஆறு மணிக்குப் போயாக வேண்டும். ஒன்றரை மணிக்கு விஜயா என் மேஜைக்கு வந்தாள். கையில் ஒரிஜினல் கட்டு. அதை நூல் கட்டி அலமாரியில் வைப்பதுதான் அவளுக்கு இப்போது கொடுத்திருக்கும் வேலை.

"ஏய் ஜீரோ எரர்."

"இன்னா?"

"பதினோராம் பக்கத்துல டாக்டரு பேனால ஒரு வரி சேத்துகீறாரே, கொழந்தைங்களுக்குப் பாதி டோஸ்னு. அத்த போட்டியா?"

"எந்த வரி?"

"எந்த வரியா? பச்சை இங்க்ல, இம்மாம்பெரிய அம்புக்குறி போட்டு! ரெண்டு டிவி வச்சிகீற, ஒண்ணுலகூடவா தெரில?"

இடது ஸ்கிரீனில் பதினோராம் பக்கத்தைப் பார்த்தேன். பச்சை இங்க் இல்லை. அம்புக்குறி இல்லை. பேப்பரைக் குத்திய ஸ்டேப்ளர் ஓட்டைகூட இல்லை. வலது ஸ்கிரீனைப் பார்த்தேன். அதே பக்கம். மறுபடி இடது... அதே. மேலே ஃபைல் பெயரைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே பெயர்.

நம் ஃபைலை நம் ஃபைலோடேயே ஒப்பிட்டிருக்கிறேன். முப்பத்தெட்டு பக்கம். வரிக்கு வரி, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி!

தன் ஜாதகத்தைத் தனக்கே வைத்துப் பொருத்தம் பார்த்தவன் கதைதான். பத்துக்குப் பத்து வராமல் என்ன செய்யும்?

விஜயா சிரிக்கவில்லை. கட்டை மேஜையில் வைத்தாள். "சொல்லப்போறியா?" என்றாள். அவ்வளவுதான்.

சொல்லாமலும் இருக்கலாம். அந்த ஒரு வரியைச் செருகி, அனுப்பிவிட்டு, தெரியாத மாதிரி உட்காரலாம். போர்டில் என் பெயர் இருக்கும். ஒண்ணாந்தேதி அவள் பஸ் ஏற மாட்டாள். அடுத்த மாதம் மற்ற மூன்று பேர். அப்புறம், இதே மாதிரி விட்டுப்போகும் இன்னொரு வரியால், எங்கேயோ ஒரு குழந்தைக்கு யாரோ முழு டோஸ் கொடுப்பார்கள்... இதையெல்லாம் உடனே நினைத்து எழுந்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை. போர்டைத்தான் முதலில் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம்தான் எழுந்தேன்.

மேனேஜர் எக்ஸெல் பக்கம் திரும்பிக்கொண்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். யோசித்தார். முகம் மலர்ந்தது.

"மூணாவதா ஒண்ணு போட்டுட்டா? எந்த ஃபைல் எதுல தொறந்திருக்குன்னு அதுல பாத்துக்கலாம் இல்ல?"

இப்படிப்பட்டவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்? குடை ஒழுகுகிறது என்றால் மழைக்கு மேலே ஒரு குடை பிடிக்கச் சொல்வார்கள்.

"சார், ஆறு மணிக்குள்ள முப்பத்தெட்டும் திரும்பப் பாக்கணும். படிக்கறதுக்கு ஆள் வேணும்" என்றேன்.

வாசலில் விஜயா நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"ஒண்ணாந்தேதிலேர்ந்துதானே சார் வர வேணாம்னீங்க? இன்னிக்கு இருபத்தொம்போதுதானே?" என்றாள் விஜயா. "படிக்கறேன். ஒக்காரத்தான் எடமில்ல."

மேனேஜரே வந்தார். வயரைப் பிடுங்கினார். டப்பாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். வைக்க ஒரு மேஜையிலும் இடமில்லை. அதைச் சுமந்துகொண்டு அறையை ஒரு சுற்று வந்து, கடைசியில் தண்ணீர் டிரம் பக்கத்தில் தரையில் இறக்கினார். நாலு மேஜையும் அந்த ஊர்வலத்தை வேடிக்கை பார்த்தது.

"கேப்பிட்டல் டி..." விஜயா ஆரம்பித்தாள். ஒரு ஸ்கிரீன், ஒரு பேப்பர், ஒரு தொண்டை. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முடித்தோம். நான் பூஜ்யம் என்று சொன்ன அதே ஃபைலில் நாற்பத்தொரு தப்பு. போர்டில் இருந்த என் பெயரை நானே அழித்தேன். சாக்பீஸ் தூசியில் விஜயாதான் தும்மினாள்.

திங்கட்கிழமை போர்டில் புது வாசகம்: 'டிரயல் ஒத்திவைக்கப்படுகிறது.' மேனேஜர்கள் எங்கே தோற்றிருக்கிறார்கள்? ஒத்திவைக்கிறார்கள். போகட்டும். ஒண்ணாந்தேதி தாண்டிவிட்டது, விஜயாவின் நாற்காலி என் பக்கத்தில் இருக்கிறது, அவள் தொண்டைக்கு ஓய்வில்லை.

அந்த மானிட்டர் இன்னும் டிரம் பக்கத்தில்தான். அதன் மேல் விஜயா டிபன் பையை வைக்கிறாள் — வந்த நாளிலிருந்து அது உருப்படியாகத் தாங்கும் ஒரே பாரம்!