கடைசியாக ஏற்றிய பக்கம்

பெண்டாங் ஊரில் யாரோ சொன்னதாகப் பக்கத்து வீட்டுக் குணவதி அக்கா வந்து சொன்னாள்: "நம்ப எஸ்டேட்டு நினைவுத்தளத்துல எந்தப் பேரத் தொட்டாலும் ஒரே மூஞ்சிதான் வருதாம்லா. அதுவும் உசுரோட இருக்கிற ஆளு மூஞ்சியாம்."

"பெண்டாங்காரங்க போனுக்கே பேய் புடிச்சிருக்கும்க்கா," என்று உமாராணி சிரித்தாள். அக்கா போனதும் சிரிப்பு நின்றது.

அந்தத் தளத்தை நேற்றுச் சுத்தம் செய்தவளே அவள்தான். எஸ்டேட் லய வீட்டில் பிறந்து, சுங்கைப்பட்டாணி தொழிற்சாலையில் சில வருடம் இருந்து, இப்போது திகாம் பத்து ஊரில் வீட்டிலிருந்தபடியே, சங்கங்களின் இணையதளங்களைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு வேலை செய்கிறாள். எஸ்டேட் விலைபோய் ஆட்கள் சிதறியபின், இறந்தவர்களின் படமும் குரலும் அந்தத் தளத்தில்தான் இருந்தன. அவற்றை ஏற்றுபவர் பண்டார் பாருவில் இருக்கும் மணியம் அண்ணன். புதிதாக ஏற்றுவதற்கான கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். உமாராணியின் அப்பா குரலும் அங்கே மட்டும்தான்.

வாட்சாப்பில் பகிரப் பகிர, பக்க முகவரிகளின் கடைசியில் கேள்விக்குறியோடு தேவையற்ற எழுத்துகள் வால்போல் முளைத்து, ஒரே பக்கம் பலவாகத் தெரிந்தது. நகல்களைக் குறைக்க இரண்டு வழிகளைச் சோதித்தாள். தெரிந்த வால்களை மட்டும் நறுக்கினால் நிறைய நகல் மிஞ்சியது. கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதை முழுக்க வெட்டினால், சோதனைக்கு எடுத்த கோயில் சங்கத் தளத்தில் ஒரு நகலும் தப்பவில்லை. அதற்கே சரி சொல்லி, நினைவுத்தளத்திலும் நிரலை ஓடவிட்டாள். ஒரே முகவரியாகிவிட்டவற்றில் கடைசியாக ஏற்றியதை வைத்துக்கொண்டு மற்றதை நிரல் அழித்துவிடும்.

அப்பாவின் பக்கத்தைத் திறந்தாள். மணியம் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். இராசாத்தி அத்தையின் பக்கத்தைத் தொட்டாள். அங்கேயும் அவரே.

அப்போதுதான் உறைத்தது. இங்கே ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்தது கேள்விக்குறிக்குப் பின்னாலிருந்த எண் மட்டுமே. வெட்டியதில் செத்தவர்கள் எல்லாரும் ஒருவராகிவிட்டார்கள்.

மூலப் படங்களும் ஒலிப்பதிவுகளும் அண்ணனிடம் இருக்கும், கேட்டால் கொடுப்பார். நேற்றுக் காலைகூடப் பேசினாரே. "என் வேலையெல்லாம் முடிஞ்சிருச்சு தங்கச்சி, இனி நீ தொடச்சிரு," என்றார்.

அவருடைய போன் எண்ணை அழுத்தப்போன விரல் நின்றது. கடைசியாக ஏற்றிய பக்கம்தானே மிஞ்சும்? அப்படியானால் மணியம் அண்ணனை இறந்தவர்களோடு சேர்த்து ஏற்றியது யார்? கடவுச்சொல் அவரிடம் மட்டும்தானே இருக்கிறது.

அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அப்பாவின் பெயருக்குக் கீழே அண்ணன் சிரித்தபடி இருந்தார்.