கடிகாரம் கட்டாத ஞாயிற்றுக்கிழமை

அன்று பெங்களூருக்கு வந்து இந்தியாவோடு விளையாடியது எந்த நாடு என்று சொல்லமாட்டேன். சொன்னால் யாராவது தேதியைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். விடுதிப் பதிவேட்டில் 'செருப்பு வாங்க' என்று நான் எழுதிய பொய் இன்னும் அப்படியே இருக்கக்கூடும். தொண்ணூறுகளின் தொடக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஓசூரில் கைக்கடிகாரத்துக்கு உள்பாகம் பொருத்தும் சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கும் என் அறைத்தோழிக்கும் வேலை. கால்பந்துப் பைத்தியம் நான்தான். அவளுக்கும் பந்துக்கும் சம்பந்தமே கிடையாது. கிருஷ்ணகிரியில் அவள் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள்) மளிகைக் கடை. மாப்பிள்ளை பார்த்து வைத்துவிட்டு, மனசே இல்லாமல்தான் அவளை வேலைக்கு அனுப்பியிருந்தார். விடுதியிலிருந்து ஒரே ஒரு புகார்க் கடிதம் வந்தாலும் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. விடுதி கேட் ஏழு மணிக்கு மூடும். தாமதமாக வருகிறவர்கள் வீட்டுக்கு மறுநாளே கடிதம் போகும். இதெல்லாம் தெரிந்துதான் அவளைக் கூப்பிட்டேன். தனியாகப் போக எனக்குப் பயம், வேறென்ன?

“மூணரைக்கு ஆரம்பம், தொண்ணூறு நிமிஷம். அஞ்சுக்கெல்லாம் முடிஞ்சிரும். ஆறரைக்கு ஓசூர்ல இருப்போம். என்னை நம்புடி” என்றேன். நம்பினாள்.

இருவர் கையிலும் கடிகாரம் இல்லை. கம்பெனிக்குள் சொந்தக் கடிகாரம் கட்டிக்கொண்டு போகக் கூடாது. வெளியே வரும்போது எது சொந்தம், எது கம்பெனிச் சரக்கு என்ற சந்தேகம் வந்துவிடுமாம். அதனால் எங்களில் பலருக்குக் கடிகாரம் கட்டும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. ஊருக்கெல்லாம் மணி காட்டுகிற கைகள், வெறுங்கையாக மைதானத்துக்குப் போயின.

அமைச்சர் வந்து ஒவ்வொரு ஆட்டக்காரராகக் கைகுலுக்கி, இரண்டு தேசிய கீதமும் முடிவதற்குள்ளேயே நேரம் ஓடிவிட்டது. நடுவில் இடைவேளை ஒன்று இருப்பதை என் கணக்கில் சேர்க்கவே இல்லை. பைத்தியம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாயிருந்தது. இதற்கிடையில், 'கையால தொடவே கூடாதா?' என்று கேட்டுக்கொண்டிருந்தவள், நம் கோல்கீப்பர் ஒரு பந்தைப் பாய்ந்து தடுத்ததும் பெஞ்சின் மேலேயே ஏறி நின்று கத்தினாள்.

இரண்டாம் பாதி சூடுபிடித்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. அவள் கீழே இறங்கி, முன்வரிசைக்காரரிடம் தனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டாள்.

“டைம் எஷ்டு சார்?”

“ஐதூவரெ.”

ஐந்தரை. அவள் முகம் வெளுத்துவிட்டது.

“வாடி, போலாம். இப்ப கிளம்பினாத்தான் சரியா இருக்கும்.”

“அஞ்சே நிமிஷம்.”

“எங்கத்தா வந்துருவாரு. உனக்குப் புரியலையா?”

புரிந்தது. இருந்தும் பந்து எங்கள் பக்கமாகவே வந்துகொண்டிருந்ததால் நான் அசையவில்லை. அவள் என் கையைப் பிடித்து இழுப்பதும், நான் உதறுவதுமாக இருந்தோம். கடைசியில் அவள் அழ ஆரம்பித்ததும்தான் எழுந்தேன். படியில் பாதி இறங்கியபோது பின்னால் மைதானமே அதிரும்படி ஒரு சத்தம். அவள் சட்டென்று நின்று திரும்பினாள். இப்போது நான் அவளை இழுத்தேன்.

அத்திப்பள்ளி சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றன. பஸ் நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. அவள் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

விடுதிக்கு ஓடிவந்தபோது கேட் மூடியிருந்தது. வார்டன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஏழேகால் என்று எழுதினார். அந்தக் கால் மணி நேரம் முழுக்க நான் மைதானத்தில் அவளைப் பிடித்து வைத்திருந்தது.

“மேடம், நான்தான் இழுத்துட்டுப் போனேன். என் பேரை மட்டும் எழுதுங்க.”

“யார் இழுத்தா என்னம்மா? லேட் லேட்டுதான்.”

இரண்டு கடிதம் போனது. எங்கள் வீட்டில் அதைப் பிரித்துப் பார்த்தார்களா என்பதே தெரியாது. அவள் அத்தா வியாழக்கிழமை காலையில் வந்துவிட்டார். திட்டவில்லை. “பெட்டியக் கட்டும்மா” என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை பேப்பரை நான் பார்த்திருந்தேன். ஆட்டம் கோல் எதுவும் இல்லாமல் முடிந்திருந்தது. கடைசி நேரத்தில் நம் ஆள் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டதாம். அந்தச் சத்தம் அதற்குத்தான்.

பேருந்து நிலையத்தில் அவள் அத்தா பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியாகக் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

“ஏன்டி, படியில இறங்கும்போது ஒரு சத்தம் கேட்டுச்சே. கோலா?”

“கோல்தான். நம்மாளுங்க போட்டது.”

“அப்ப பரவால்ல” என்று சிரித்தாள்.