காலண்டர் விலை இறங்கும் வரை

மார்கழி மாதம் கோத்தகிரி மார்க்கெட்டில் புத்தகக் கடைக்காரர் வாசலில் குறுக்கே ஒரு கயிறு கட்டி, புது வருஷக் காலண்டர்களை வரிசையாகத் தொங்கவிடுவார். மேலே அட்டையில் முருகனோ லட்சுமியோ, கீழே கனத்த தினசரித் தாள் கட்டு. மூடுபனிக்குள் அவை ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எதிரே அப்பா நிற்பார், கழுத்தில் மப்ளர், கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள். வாங்க வந்தவர் என்றும் சொல்ல முடியாது, வேடிக்கை பார்க்க வந்தவர் என்றும் சொல்ல முடியாது. விலையைக் கேட்பார், உதட்டைப் பிதுக்குவார், "பொங்கல் போகட்டும் கண்ணு, தானா எறங்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

நான் சொல்லும் அந்த வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் காலண்டரைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. அப்பா, சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கும் ஒரு ஃபேக்டரியில் ஆபீஸ் கிளார்க். நல்ல காலத்தில் ஃபேக்டரியே தன் பெயரைப் போட்டுக் காலண்டர் அடிக்கும். உரக்கடை தரும், நகைக்கடை தரும், ஃபேக்டரிக்கு விறகு போடுகிறவர்கூட ஒன்று தருவார். அப்பா அவற்றைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, ஃபேக்டரி ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தது போக நல்ல படமாக ஒன்றை எங்களுக்கு எடுத்து வைத்துக்கொள்வார். டிசம்பர் மாதத்தில் அப்பாவுக்கு ஒரு தனி மிடுக்கு உண்டு. தேயிலை விலை சரிந்த பிறகு காலண்டர் அடிப்பதைத்தான் எல்லோரும் முதலில் நிறுத்தினார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் பழைய வருஷத்தின் அட்டை மட்டும் கொஞ்ச நாள் தொங்கியது. படத்தில் சாமி இருந்ததால் அதைத் தூக்கிப் போட மனமில்லாமல் அம்மா அரிசி டப்பாவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள்.

அந்த வருஷம் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. வாசலில் ஒரு கரும்பலகை இருக்கும். அன்றன்றைய இலை விலையை அதில் எழுதுவது அப்பாவின் வேலை. விலை இறங்க இறங்க, இலை மூட்டையோடு வந்தவர்கள் அப்பாவே விலையை இறக்கியது போல அவரை முறைத்தார்கள். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று சிலர் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, "அங்க என்னத்துக்கு ஒக்காந்துட்டு இருக்கறீங்க? மச்சானுக்கு இங்க கணக்கு எழுதற வேலை ரெடியா இருக்குது, கெளம்பி வாங்க" என்று ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் இருந்தது ஃபேக்டரி கொடுத்த வீடு. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். அம்மா மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். மேட்டுப்பாளையம் தாண்டினாலே அவளுக்குத் தலைவலி வந்துவிடும். "இந்தக் குளுருல பொறந்த ஒடம்பு, அங்க போயி வேகோணுமா?" என்பாள். எனக்கும் போக மனமில்லை. அப்பா மட்டும் போகலாம் என்றும் சொல்லவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காலண்டர் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அதைப் பற்றி அவருக்கு ஒரு பெரிய சித்தாந்தமே இருந்தது. டிசம்பரில் கடைக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி முறுக்கிக்கொள்வார், அப்போது அவரிடம் பேச்சே கொடுக்கக் கூடாது. பொங்கல் முடிந்ததும் காலண்டர்கள் வாசல் கயிற்றிலிருந்து கடைக்குள் போகும். அப்போது கேட்டால் கொஞ்சம் இறங்கி வருவார். தைப்பூசத்துக்குப் பிறகு பாதி விலை என்று அட்டை எழுதி மாட்டுவார். அதிலும் ஏமாறக் கூடாது. மாசியில் எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுத் தரையில் வைப்பார், அதுதான் அசல் நேரம். ஒவ்வொரு நாளும் ஒரு தாள் செத்துக்கொண்டிருக்கிற சரக்கை அவர் எத்தனை நாள் கட்டிக் காப்பாற்ற முடியும் என்பது அப்பாவின் கேள்வி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மாசியும் வந்து, பெட்டியும் தரைக்கு வந்து, நாங்கள் அதன் எதிரே போய் நின்றபோதும் அப்பா வாங்கவில்லை. மேலாக இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தார். ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. "இன்னும் எறங்கும்" என்று திரும்பப் போட்டுவிட்டார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "இன்னுங் கொஞ்சம் பொறுத்தீங்கன்னா அடுத்த வருசத்துக் காலண்டரே வந்துருமுங்க" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

வீட்டில் அம்மாவுக்கு இது பெரும் தொல்லை. அமாவாசை என்றைக்கு, கிருத்திகை என்றைக்கு என்று பார்க்கப் பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்த வீட்டு அக்காவின் மகன் கோயமுத்தூரில் இருந்து கொண்டுவந்த காலண்டர் ஒன்றுதான் எங்கள் லைனுக்கே பொதுவாக இருந்தது. அக்கா முகம் சுளிக்காமல் காட்டுவார், அம்மாவுக்குத்தான் கூச்சம். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அப்பாவிடம் கேட்டே விட்டாள். "ஏனுங்க, நாளைக்கே போறதா இருக்கறவன் எவனாச்சும் வருசம் பூராத்துக்கும் காலண்டர் வாங்குவானுங்களா? வாங்கிட்டு வந்து மாட்டுங்க. இங்கதான் இருக்கப்போறோம்னு மனசுக்கு ஒரு தெம்பா இருக்குமல்ல." அப்பா டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு அவர் கஞ்சத்தனம் கொஞ்சம் புரிந்தது. அவர் இரண்டு விலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று ஏற வேண்டும், இன்னொன்று இறங்க வேண்டும். அவர் சொன்ன பேச்சைக் கேட்டது காலண்டர் விலை மட்டும்தான்.

சித்திரை போயிற்று. வைகாசியில் ஊட்டிக்கு சீசன் கூட்டம் மலையேறிக்கொண்டிருக்க, எங்கள் லைனிலிருந்து இரண்டு குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு கீழே இறங்கிப் போயின. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மழை விட்ட நேரம், மார்க்கெட்டுக்குப் போயிருந்த அப்பா கையில் ஒரு காலண்டரோடு வந்தார். செய்தித்தாளில் சுற்றி, நனையாமல் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். எடுத்துட்டுப் போங்க என்று கடைக்காரர் சும்மாவே கொடுத்ததாகவும், தான் வலுக்கட்டாயமாகக் கொஞ்சம் சில்லறையை மேசை மேல் வைத்துவிட்டு வந்ததாகவும் சொன்னார். அவர் சித்தாந்தம் முழுசாக ஜெயித்திருந்தது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாயசத்துக்குச் சேமியாவை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டு, சுவரைத் துணியால் துடைத்தாள். பக்கத்து வீட்டு வாசலுக்கே போய், "அக்கா, எங்க ஊட்டுக்கும் காலண்டர் வந்துருச்சு, இனி உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தாள். நான் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டேன். காலண்டரை வாங்க அப்பாவிடம் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"மாட்ட வேண்டாங் கண்ணு, கீழ எறங்கு" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "இதுல ஒரு நல்ல நாள் பாரு. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள போயிரோணும். உந் தம்பிக்குச் சொல்லி உட்டுட்டேன்" என்றார். அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நாள் பாக்கறதுக்கா இத வாங்குனீங்க? அத அக்கா ஊட்டுலயே பாத்துருக்கலாமே" என்று கேட்டாள். "அங்க போயி எப்படிப் புள்ள பாக்கறது?" என்றார் அப்பா. "ஊர உட்டுப் போறதுக்கு நாள் பாக்கறோம்னு அடுத்தவங்க ஊட்டுச் சுவத்து முன்னால போயி நிக்கச் சொல்றியா?"

அம்மா காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தாள். நான் ஒட்டிய தாள்களைப் பிரித்துக் கொடுத்தேன். திங்கள் கிழக்கே சூலம், திருப்பூர் கிழக்கே இருக்கிறது, ஆகாது. செவ்வாய் பேசவே வேண்டாம். புதன் அஷ்டமி, வியாழன் நவமி. வெள்ளிக்கிழமை லட்சுமி இருக்கிற வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்களா? அடுத்த வாரத்திலும் நாளுக்கு ஒரு குறை கண்டுபிடித்தாள். அப்பா கோபப்படவில்லை. "நீ பாத்துட்டே இரு. ஒரு நாளும் நல்லா இருக்காது" என்றார் மெதுவாக. அம்மா அப்போதுதான் அழுதாள். அழுது முடித்து, ஒரு புதன்கிழமைத் தாளின் மூலையை மடித்து வைத்தாள். எடுத்து வைத்த சேமியாவை அன்று யாரும் வேகவைக்கவில்லை.

நாங்கள் திருப்பூருக்கு வந்து வெகு காலம் ஆயிற்று. அப்பா இங்கேயே ஓய்வு பெற்று, இங்கேயே இறந்துபோனார். மலையில் இலை விலை அதற்குப் பிறகு ஏறியது, இறங்கியது. அவர் இருந்தவரை தினம் பேப்பரில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிப்ரவரி வரை பொறுத்தால் காலண்டர் பாதி விலைக்கு வரும் என்று என் மகள் போனைப் பார்த்துச் சொல்கிறாள். அவள் சொல்வது சரிதான். நான் டிசம்பர் முதல் வாரத்திலேயே, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்துவிடுகிறேன். அம்மா கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பாள், நான் அதை மாட்டி முடிக்கிற வரைக்கும்.