துவைக்காத சேலை

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் புள்ளக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அந்த அக்காவுக்கு இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எந்நேரமும் யாராவது ஒரு பிள்ளை அதில் உட்கார்ந்திருக்கும். காலையில் நான் கொழுந்தெடுக்கப் போகும்போது என் ஒன்றரை வயது மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்த இடுப்புக்குத் தாவுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொட்டில் கட்ட ஒவ்வொரு தாயிடமும் ஒரு பழைய சேலை வாங்கி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். என் சேலையை அழுக்கென்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று, ஒருநாள் அதைத் திரும்ப வாங்கிவந்து சவர்க்காரம் போட்டுத் துவைத்துக் கொடுத்தேன். கொடுத்த அன்று சாயந்தரம் போனால், மகள் அழுது கண் வீங்கி அவர் மடியில் கிடக்கிறாள்.

"என் புள்ளைய என்னா செஞ்சீங்க?" என்று கத்தினேன்.

"நீங்கதான் தங்கச்சி சேலைய தொவச்சிட்டீங்க. ஒங்க வாசன இல்லாம அவ தூங்கமாட்டேங்குறா" என்றார். பிறகு லேசாகச் சிரித்தார். "என் சேலையிலயும் கட்டிப் பாத்தேன். இத்தன வருசத்துல ஒரு புள்ளகூட அதுல தூங்குனதில்ல."

மறுநாள், முந்தின நாள் உடுத்தியதைத் துவைக்காமலே கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் அதை வாங்கிக்கொண்டு, தொட்டிலில் கட்டியிருந்த தன் சேலையை அவிழ்த்தார்.