நாற்பத்தோராம் பக்கம்

செய்தி வந்தபோது பகல் பதினொன்றரை. சுருவிலில் தம் வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு ஏரம்பு வாத்தியார் தமது புத்தகத்தின் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். நாரந்தனைத் தம்பிராசா சைக்கிளைப் படலையோடு சாத்திவிட்டு வந்தான். வந்தவன் இருக்கவில்லை.

"மாமி விடியக்காலமை மோசம் போட்டா, வாத்தியார். நாலு மணிக்கு எடுக்கிறம்."

இறந்தவர் அவனுடைய மாமி இலட்சுமிப்பிள்ளை. வாத்தியார் கையிலிருந்த தாளைக் கவிழ்த்து மடியில் வைத்தார். அது நாற்பத்தோராம் பக்கம். முதல்நாள்தான் அதைச் சிவப்புப் பென்சிலால் குறுக்கே வெட்டியிருந்தார்.

முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவர் என்றாலும், தீவுப்பகுதியில் ஏரம்பு வாத்தியாரை அறிந்தவர்கள் கல்வெட்டுப் பாடுகிறவர் என்றே அறிந்திருந்தார்கள். ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் சிறு அச்சுப் புத்தகம்தான் கல்வெட்டு. அதில் வம்ச வரலாறு, இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், தாய் புலம்பல் எல்லாம் இருக்கும். அழுகிறவர் வாயிலிருந்து வருவதுபோல வாத்தியாரே எழுதிக் கொடுப்பார். ஓய்வு பெற்ற அடுத்த வருடம், 1973இல், அவற்றில் திறமானவற்றைச் சேர்த்துச் சொந்தச் செலவில் புத்தகமாகப் போட நினைத்தார்.

"செத்த ஆக்களின்ர பாட்டை ஆர் வாங்கிறது?" என்று மனைவி இராசமணி கேட்டார்.

"செத்த ஆக்களின்ர சொந்தக்காரர்."

"அப்ப ஒருத்தரையும் விடாமல் போடுங்கோ. விட்டால் பொல்லோடை வருவினம்."

இருவரும் சிரித்தார்கள். கையெழுத்துப் பிரதி யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றுக்குப் போயிற்று. அங்கே எழுத்துக் கோக்கும் பஸ்ரியாம்பிள்ளை ஊர்காவற்றுறைக்காரர். பின்னேர பஸ்ஸில் வீடு திரும்பும்போது வழியில் இறங்கி அச்சுப்படிகளைத் தந்துவிட்டுப் போவார். போன கிழமை வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"வாத்தியார், இருபத்தேழாம் பக்கமும் நாற்பத்தோராம் பக்கமும் ஒரே பாட்டெல்லோ? பேர் மட்டுந்தான் வேறை. எனக்கு அரைவாசி வேலை மிச்சம்."

1959இல் கடை முதலாளி கதிர்காமுவின் மகன் இறந்தபோது எழுதிய தாய் புலம்பல் அது. இரண்டு வருடத்தின் பின் இலட்சுமிப்பிள்ளையின் மகன் நடேசு, பத்தொன்பது வயதில், நெருப்புக் காய்ச்சலில் போனான். பள்ளிக்கூடத்தில் சோதனைக் காலம். அச்சகத்திலிருந்து ஆளுக்குமேல் ஆள். வாத்தியார் பழையதை எடுத்து, பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டார். ஐந்து நிமிட வேலை. தனித்தனிக் கல்வெட்டாக இருந்தமட்டும் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இப்போது ஒன்றை எடுக்க வேண்டும். முதலாளி வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். புத்தகத்தைத் திறந்ததும் தங்கள் பக்கத்தைத்தான் தேடுவார்கள். இலட்சுமிப்பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. அந்தக் கணக்கில்தான் நாற்பத்தொன்று வெட்டுப்பட்டது. ஆனால், வருடந்தோறும் நடேசுவின் திவசத்துக்கு மறுநாள் ஓர் ஓலைக் குட்டான் பனங்கட்டியோடு அந்த மனிசி நடந்து வருவார் என்பதும், "தம்பியின்ர பாட்டு எப்ப வாத்தியார் புத்தகத்திலை வரும்?" என்று கேட்பார் என்பதும் வெட்டும்போது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

நாரந்தனைச் செத்தவீட்டில் வாத்தியார் ஆண்களோடு முற்றத்தில் இருந்தார். உள்ளே மகள் மனோகரி தாயின் தலைமாட்டில் இருந்து அழுதாள். "அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லுறதை ஆர் இனிச் சொல்லுவினம்" என்று தொடங்கி, தம்பி நடேசுவுக்கான புலம்பலை அவளே சொன்னாள்.

முதல் நான்கு அடியும் வாத்தியாருடையவை. சங்கில் பால், தொட்டிலில் தாலாட்டு, பொங்கு கடல். அதற்குப் பிறகு வந்தவற்றை அவர் எழுதவில்லை.

"சுடுகுது கஞ்சியெண்டு சுளகாலே விசுக்கினனே
ஆறமுன்னம் என்மகனே அயர்ந்தபடி போனாயே..."

அப்படியே பத்துப் பன்னிரண்டு அடி. வாத்தியாருக்கு அந்தக் கஞ்சியும் தெரியாது, சுளகும் தெரியாது. கல்வெட்டு எழுத வந்த நாளில் பிள்ளை எப்படிப் போனான் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. பக்கத்தில் இருந்த கிழவர் அவர் கையைத் தட்டி, "உங்கடை பாட்டு மனிசரைக் கொல்லுது, வாத்தியார்" என்றார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று கொப்பியோடு போய் மனோகரியைச் சொல்லச் சொல்லி எழுதினார்.

"அம்மாவின்ர கல்வெட்டுக்கோ?"

"ஓம், பிள்ளை."

அது பொய். வீட்டுக்கு வந்து சிவப்புக் கோட்டை அழித்து, தம்முடைய நான்கு அடிக்குக் கீழே அந்த அடிகளைச் சேர்த்து, நாற்பத்தோராம் பக்கமாகவே பஸ்ரியாம்பிள்ளையிடம் கொடுத்தார். இனி இரண்டு பக்கமும் ஒன்றல்ல. இலட்சுமிப்பிள்ளை கேட்டதும் புத்தகத்தில் வரும். இதில் என்ன பிழை என்று தம்மையே கேட்டுப் பார்த்தார்.

மூன்றாம் நாள் பஸ்ரியாம்பிள்ளை படலையடியில் நின்றே கத்தினார்:

"இவ்வளவு நாளும் இதை எங்கை ஒளிச்சு வைச்சனீங்கள்? மற்றதெல்லாம் சும்மா பாட்டு. குறை நினையாதையுங்கோ. இதைக் கோக்கேக்கை எனக்குக் கண் மறைச்சுப் போட்டுது. புத்தகம் நிண்டால் இந்தப் பக்கத்தாலைதான் நிக்கும்."

"சந்தோசம்" என்றார் வாத்தியார். சொன்ன பிறகுதான் தாம் சொன்னது காதில் விழுந்தது.

அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "என்ன, உப்புக் கூடிப்போச்சோ?" என்றார் இராசமணி. "உப்பு அளவுதான்" என்று எழும்பிக் கை கழுவினார்.

மறுநாள் காலை நாரந்தனைக்குப் போனார். மனோகரி குசினி வாசலில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: முதலாளி மகனுக்கு எழுதியது, பெயர் மாற்றியது, வெட்டியது, இப்போது திருடியது.

அவள் கத்தியை வைக்கவில்லை. "அம்மாவுக்குத் தெரியும், வாத்தியார்."

"என்ன தெரியும்?"

"உது முதலாளி வீட்டுப் பாட்டெண்டு. அடுத்த வருசமே அவையின்ர வீட்டுக் கல்வெட்டை ஆரோ வாசிக்கக் கேட்டவ. கோவிக்கேல்லை. 'வாத்தியார் ஆரின்ரையோ சட்டையைத் தந்து போட்டார், என்ர பிள்ளையின்ர அளவுக்கு நான்தானே பிரிச்சுத் தைக்க வேணும்' எண்டு சொல்லுவா. அப்பிடித்தான் ஒவ்வொரு அடியாய்ச் சேர்த்தவ."

"பிறகு ஏன் என்னட்டை வந்து வந்து கேட்டவ?"

"நீங்கள் வாய் திறப்பியளெண்டு பாத்தவ போல." கிழங்கைச் சட்டிக்குள் போட்டாள். "இருங்கோவன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

அவரால் இருக்க முடியவில்லை. பதினொரு வருடத்துப் பனங்கட்டியையும் கைநீட்டி வாங்கியவர். "வரும், வரும்" என்று சொன்னவர். நேரே பஸ் ஏறி அச்சகத்துக்குப் போய், புத்தகம் வேண்டாம் என்றார்.

"பகிடி விடுறியளோ?" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "முழுப் புத்தகமும் கோத்து நிக்குது."

"கலைச்சுப் போடும்."

"ஒரு பக்கத்துக்காகவோ?"

"அந்தப் பக்கத்தை மட்டும் கட்டி வையும். மேலை இருக்கிற நாலடியையும் எடுத்துப் போடும். அது தனித் தாளாய் வரும். பாடினது இலட்சுமிப்பிள்ளை எண்டு போடும். என்ர பேர் ஒரு மூலையிலையும் வேண்டாம்."

பஸ்ரியாம்பிள்ளை அச்செழுத்தைக் கட்டும் நூலை எடுத்தார்.

தாள் அந்தியேட்டிக்கு வந்திருக்க வேண்டும்; வரவில்லை. "கொடியிலே உன்சட்டை காயட்டும் எண்டிருந்தேன்" என்பதற்கு அடுத்த அடி மனோகரிக்கு ஞாபகம் வரவில்லை. அந்த இடத்தில் வாத்தியார் தாமாக ஓர் அடி எழுதி நிரப்பியிருந்தார். அதையும் எடுக்கச் சொல்லிவிட்டார். நயினாதீவில் இருக்கும் இலட்சுமிப்பிள்ளையின் தங்கை கமலாதேவிக்கு அந்த அடி தெரியும் என்று மனோகரி சொன்னாள். அவரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். வாத்தியார் இரண்டுமுறை வள்ளத்துறை வரை போய்த் திரும்பினார். வைகாசி முடிந்தபோதும் அவர் நயினாதீவுக்குப் போயிருக்கவில்லை.