திருநீற்றுத் தட்டில் ஒரு குளிசை

கிளிநொச்சிக்கு அருகிலுள்ள அக்கராயனில் ஆண்டியப்பனைத் தெரியாதவர்கள் குறைவு. பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் வயலோடு வளர்ந்தவர், வாய் ஓயாத மனிதர். வரம்பில் நின்று அவர் கதை சொன்னால் அடுத்த வயலில் நிற்பவரும் சிரிப்பார்.

ஐம்பத்தாறாவது வயதில் அவர் திடீரென்று பேச்சை விட்டார். அந்தப் போகம் நல்ல விளைச்சல். மகள் நிசாந்தினியின் கலியாணமும் குறையில்லாமல் முடிந்திருந்தது. ஆனாலும் நித்திரை வரவில்லை, சோறு இறங்கவில்லை. நெஞ்சுக்குமேல் யாரோ ஏறியிருப்பதுபோல ஓர் அழுத்தம்.

மனைவி வடிவம்மா அவரை மாரியம்மன் கோவில் பூசாரி நடராசாவிடம் கூட்டிப்போனார். பூசாரி வேப்பிலை அடித்து, நூல் கட்டி, "எங்கேயோ பயந்திட்டீர். அம்மாள் பாத்துக்கொள்ளுவா" என்றார். சில நாள் நல்ல நித்திரை. பிறகு பழையபடிதான்.

அடுத்தது கிளிநொச்சி ஆஸ்பத்திரி. பரிசோதித்த டொக்டர், "நெஞ்சிலை ஒரு பிழையும் இல்லை ஐயா. மனந்தான் களைச்சுப்போச்சு" என்று குளிசை எழுதி, மாதாமாதம் மனநல கிளினிக்குக்கு வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஆண்டியப்பன் குளிசைப் பையை அலுமாரிக்கு மேலே எறிந்தார்.

"எனக்கென்ன விசரே? சனம் அறிஞ்சா சிரிக்கும்."

வடிவம்மா அதை எட்டி எடுத்து வைத்தார். அடுத்தநாள் காலை சாமிப்படத்துக்கு முன் கற்பூரம் காட்டி, திருநீற்றுத் தட்டை நீட்டினார். நடுவில் குளிசை.

"என்னடி இது?"

"அம்மாளின்ரை பிரசாதம். வேண்டாமெண்டா அவவிட்டையே சொல்லுங்கோ."

அம்மனோடு வழக்காட அவருக்குத் துணிவில்லை. விழுங்கினார்.

கிளினிக் நாளில் தலையைத் துவாயால் மூடிக்கொண்டு வாங்குப் பலகையின் ஓரமாய் இருந்தார். மறு ஓரத்திலும் துவாய் போர்த்த ஒருவர் குனிந்திருந்தார். தாதி மிஸி வெளியே வந்து, "நடராசா!" என்று கூப்பிட்டார். துவாய் எழும்பியது.

"ஐயா, நீங்களோ!"

"மெல்லக் கதையும்," என்றார் பூசாரி.

"நீங்கள்தானே எனக்கு நூல் கட்டினனீங்கள்?"

"உமக்கு நான் கட்டினன். எனக்கு ஆர் கட்டுறது? யுத்தம் முடிஞ்ச நாளிலையிருந்து எனக்கும் நித்திரையில்லை. இந்தக் குளிசையாலைதான் பூசையிலை கை நடுங்காமல் நிக்கிறன்."

"அப்ப என்னையும் இஞ்சை அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்பினா நான் வாறது உமக்குத் தெரிஞ்சிடுமெல்லோ!"

ஆண்டியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பூசாரியும் சேர்ந்து சிரிக்க, மிஸி இருவரையும் முறைத்தார்.

அதன்பின் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். "கோவிலுக்குப் போனால் போதாதோ?" என்று ஆண்டியப்பன் ஒருமுறை டொக்டரைக் கேட்டார். "போங்கோ, பாடுங்கோ, நாலு பேரோடை இருங்கோ. அதுவும் மருந்துதான். ஆனா குளிசையை நிப்பாட்டாதையுங்கோ" என்றார் அவர். வெள்ளிக்கிழமைப் பசனையில் ஆண்டியப்பன் பாடத் தொடங்கினார். சுருதி சேரவில்லை. யாரும் அவரை நிறுத்தவுமில்லை.

ஆடிப் பொங்கலன்று பூசை முடிந்ததும் பூசாரி ஒலிவாங்கியைப் பிடித்தார். "நூல் கட்ட வாறவையெல்லாருக்கும் சொல்லுறன். கட்டிப்போட்டு கிளினிக்குக்கும் போங்கோ. நானும் போறனான்."

பெண்கள் பக்கமிருந்து கமலாசனி என்பவர் மெதுவாகக் கேட்டார்: "என்ன கிழமை, ஐயா?"

பூசாரி வாய் திறக்குமுன் பின்னாலிருந்து ஆண்டியப்பன் கத்தினார்: "செவ்வாய்! வெள்ளனவே வாங்கோ, இருக்க இடம் பிடிச்சு வைக்கிறன்."