எங்கடை கொம்பியூட்டர் கொழும்பிலை

மெய்நிகர் கணினிக்கு உதவியாளர் வேலை என்றால், இல்லாத கணினிக்காக இருக்கிற ஆள் பேச்சு வாங்குவது.

ஏ.எல். சோதனை எழுதினேன், கம்பஸ் அனுமதி கிடைக்கவில்லை. வீட்டில் இருந்தால் ஆளாளுக்குப் புத்தி சொல்வார்கள் என்று குருநகரில் நண்டு ஏற்றுமதி செய்யும் ஒரு கொம்பனியின் கிளைக் கந்தோரில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று மாதம் வைத்துப் பார்ப்பார்கள்; அதற்குப் பிறகு நிரந்தரமா, வீட்டுக்கா என்பதை மனேஜர் எழுதிக் கொழும்புக்கு அனுப்புவார். எங்கள் மேசைகளில் இருப்பது ஒரு திரையும் ஒரு சின்னப் பெட்டியும்தான். கணக்கு, கோப்பு எல்லாம் கொழும்புத் தலைமைக் கந்தோரின் சேர்வரில் ஓடும். நாங்கள் இங்கே அதன் படத்தைப் பார்த்து வேலை செய்வோம். இந்த மென்பொருளை விற்றவர்கள் என்னென்ன திருத்தம் வேண்டும் என்று கேட்கிறார்களாம், கிளையில் விசாரித்து அனுப்பு என்று என்னிடம் சொன்னார்கள். அனுப்பினேன். அதில் எழுத முடியாமல் போனவை இவை. இதே கோதாரியோடு மாரடிக்கிறவர்களுக்கு நான் கனக்க விளக்கத் தேவையில்லை.

செவ்வாய் எட்டில்

கணக்குப் பகுதி புஸ்பம் அக்கா அரியாலை ஆள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். சாதகக் குறிப்பைச் சத்தமில்லாமல் கந்தோரில் அச்சடித்துக்கொண்டு போகலாம் என்று ஒருநாள் பிறிண்ட் கொடுத்தார். ஒன்றும் வரவில்லை. திரும்பக் கொடுத்தார். வரவில்லை. கோபத்தில் அந்தப் பட்டனை விடாமல் குத்தினார், பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். கணினி ஓடுவது கொழும்பில் அல்லவா, தனக்குப் பக்கத்தில் இருப்பதுதான் தன்னுடைய பிறிண்டர் என்று அது நினைத்துவிட்டது. மகளின் ராசி, நட்சத்திரம், கிரகநிலை எல்லாம் தலைமைக் கந்தோரில் கட்டுக் கட்டாக வெளியே வந்துகொண்டிருந்தன.

எந்த ஊரில் அச்சடிக்க என்று ஒருதரம் கேட்டால் அந்த மென்பொருளுக்கு என்ன குறைந்துபோகும்? அக்கா, வேலை போச்சு என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்க, கொழும்பிலிருந்து போன் வந்தது. சம்பளப் பகுதியில் இருக்கும் ஒரு அம்மா, எங்கள் பக்கத்து ஆள்தான். அவர் ஏசவில்லை. "குறிப்புப் பாத்தனான் தங்கச்சி. என்ரை தம்பிக்கும் எட்டிலைதான் செவ்வாய். பிள்ளையின்ரை படம் இருந்தா அதையும் ஒருக்கால் பிறிண்ட் குடுங்கோ."

பிள்ளையார் காணாமல் போதல்

இந்த முறையில் ஒவ்வொரு நாளும் புதுக் கணினி. பின்னேரம் லொக் ஓஃப் பண்ணிவிட்டுப் போனால், சேமித்த கோப்புகளைத் தவிர நீங்கள் மாற்றி வைத்த அத்தனையும் துடைபட்டு, விடிய வெறும் நீலத் திரை. எங்கள் மனேஜருக்குத் திரையில் பிள்ளையார் முகத்தைப் பார்க்காமல் நாள் தொடங்காது. தினமும் படத்தை வைப்பார். அடுத்த நாள் இருக்காது. தலைமைக் கந்தோரில் யாரோ வேண்டுமென்றே எடுக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். அங்கே எடுப்பதற்கு ஆளே இல்லை, அதன் குணமே அதுதான் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

கடைசியில் ஒரு வழி காட்டினேன். லொக் ஓஃப் பண்ணாமல் கொழும்புக் கணினி தெரிகிற அந்தச் சாளரத்தை மட்டும் மூடிவிட்டுப் போங்கோ, கொழும்பில் எல்லாம் திறந்தபடியே இருக்கும், விடிய வந்தால் விட்ட இடத்தில் பிள்ளையார் இருப்பார் என்றேன். விளங்காமல் முழித்தார். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது 'போறன்' என்று சொல்லுவமா, போய்த் திரும்பி வருவம் என்று 'போட்டு வாறன்' என்றுதானே சொல்லுவம், அதுதான் சேர் இது என்றேன். டக்கென்று பிடித்துக்கொண்டார். கந்தோர் முழுவதையும் கூப்பிட்டு நிற்க வைத்து அறிவித்தார்: "இண்டையிலை இருந்து ஒருத்தரும் கொம்பியூட்டருக்குப் போறன் எண்டு சொல்லக் கூடாது. எல்லாரும் போட்டு வாறன்தான்."

எனக்கு வந்துகொண்டிருந்த முறைப்பாடுகள் பாதியாகக் குறைந்தன. நிரந்தரம் நிச்சயம் என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன்.

அங்கே மழை

இங்கே கரண்ட் போனால் பயமில்லை, வேலை கொழும்பில் பத்திரமாக இருக்கும். இதை நான் நேர்மையாகப் பாராட்டுகிறேன். ஆனால் ஒருநாள் கொழும்பில் மழை பெய்து வெள்ளம் ஏறி சேர்வர் நின்றுவிட்டது. இங்கே மண்டையைப் பிளக்கும் வெயில், கரண்ட் இருக்கிறது, எல்லோரும் வெறும் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம். கொஞ்ச வேலையையாவது இந்தப் பெட்டிக்குள்ளேயே செய்ய விடக்கூடாதா? பின்னேர ஷிப்டில் லொறி ஏற்றும் அருளப்பு அண்ணை எட்டிப் பார்த்துக் கேட்டார்: "அங்கை மழை பெய்தா இங்கை நாங்கள் ஏன் பிள்ளை நனைய வேணும்?"

சீட்டில் போட்ட லேஞ்சி

வெள்ளம் வடிந்த ஞாயிறு கொழும்பில் சேர்வரை நிறுத்தித் திரும்ப ஓட விட்டார்கள். திங்கள் காலை பகல் ஷிப்ட் ஆட்கள் வந்து புதிதாக நுழைந்தார்கள், பின்னேரம் 'போட்டு வாறன்' என்று மூடிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பிறகு அருளப்பு அண்ணை வந்து தன் பெயரை அடித்தார். இடமில்லை என்றது. இரண்டு ஷிப்டும் மாறி மாறித்தானே பாவிக்கும் என்று, ஒரே நேரத்தில் உள்ளே இருக்கக்கூடிய இடங்களைக் கொழும்பு அந்த ஞாயிறோடு குறைத்துவிட்டிருந்தது. மானிப்பாய் பஸ்ஸில் சீட் பிடிக்க லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, போட்டுவிட்டு எல்லோரும் இறங்கிப் போனமாதிரி. கந்தோரில் ஒரு சனமில்லை, ஆனால் எல்லா இடமும் நிறைந்திருக்கிறது.

வாசலில் லொறி. உள்ளே உயிர் நண்டு. ஏற்றுமதிப் பத்திரங்களை அச்சடித்துக் கொடுத்தால்தான் கட்டுநாயக்காவில் பிளேனுக்கு ஏற்றலாம், பிந்தினால் அவ்வளவும் செத்துப்போகும். அருளப்பு அண்ணை ஒரு நண்டுப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அது ஏச்சை விட மோசம். யாராவது ஒருவரின் இணைப்பை நான் வெட்டி அவரை வெளியே தள்ள வேண்டும். திறந்தபடியே இருக்கும் என்ற தைரியத்தில் யாரும் எதையும் சேமித்திருக்கவும் இல்லை. ஒவ்வொருவருக்காகப் போன் எடுத்தேன். புஸ்பம் அக்கா, எல்லாருடைய சம்பளமும் அரைகுறையாக நிற்குது, தொட்டால் தெரியும் என்றார். மற்றவர்களும் தங்களுடையதை மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள். போனை எடுக்காத ஒரே ஆள் மனேஜர், கொடிகாமத்தில் ஒரு கலியாண வீட்டில். ஆகவே அவருடையதை வெட்டினேன்.

வெட்ட முன்னர் மென்பொருள் முறைப்படி எச்சரித்தது: 'உங்கள் வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள்.' அந்த எச்சரிக்கை ஆளில்லாத கதிரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கே, அவருடைய போனுக்கு, அதை அனுப்பத் தெரியாதா? பத்திரம் அச்சானது, லொறி போனது.

அடுத்த நாள் மனேஜர் நீலத் திரைக்கு முன்னால் இருந்தார். பிள்ளையார் போனதைப் பற்றி அவர் பேசவேயில்லை. என்னை நிரந்தரமாக்குவதற்குக் கொழும்புக்கு எழுதிக்கொண்டிருந்தது போய்விட்டது, இனி ஒரு வரியும் ஞாபகம் வராது, நீயே இருந்து எழுது என்றார். எழுதினேன். 'இவளுக்கு வேலை தெரியும், வாய் கொஞ்சம் கூட. லொக் ஓஃப் பண்ணாமல் போகப் பழக்கியது இவள். அதைக் கந்தோருக்கே கட்டளையாக்கியது மனேஜர். லொறி நின்றபோது அவர் போன் எடுக்கவில்லை.'

வாசித்தார். பேனையை எடுத்துக் கடைசி இரண்டு வரியையும் வெட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தார். "உன்னை உள்ளுக்கை வைச்சிருக்கிறதுதான் எனக்குப் பாதுகாப்பு. வெளியிலை விட்டா உதெல்லாத்தையும் ஊருக்குக் கதைச்சுக்கொண்டு திரிவாய்."

ஆக, எங்கள் தொழிலில் திருத்தம் கேட்பது மென்பொருளுக்கு, திருந்த வேண்டியது ஆட்கள், இரண்டும் நடக்காதவரை எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்.